குன்னூர்ல சினிமா கப்பல் வரையற வகுப்பு, 4,500 ரூபா குடுக்கலாமா

போன மாசம் ஒரு வெள்ளி சனி ஞாயிறு குன்னூர்ல ஒரு டிராயிங் வகுப்புக்கு போய்ட்டு வந்தேங்க. தலைக்கு 4,500 ரூபா, மத்தியான சாப்பாடும் ரெண்டு வேளை டீயும் அதுலயே சேர்த்தி, பேப்பர் தனி (பேப்பர் கதைக்கு அப்புறம் வர்றேன்). என்ன வகுப்புன்னா, சினிமாவுக்காக செட்டா கட்டின கப்பல்களை வரையறது. ஆமா கப்பல் தான், குன்னூர்ல. எங்க வீட்டுக்காரம்மா கேட்ட உடனே அவங்கம்மாவுக்கு போன் போட்டு "கடல பாக்கணும்னா கோழிக்கோடு வரைக்கும் இறங்கணும், இவரு மலை மேல உக்காந்து கப்பல் வரையப் போறாராம்"னு சிரிச்சாங்க. நான் கோத்தகிரில பிளெக்ஸ் டிசைன் பண்றவன். காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலின்னு வாரத்துக்கு நாலு தடவை அதே ரோஜாப்பூவை கட் பண்ணி ஒட்டி ஒட்டி கை மரத்துப் போச்சு, பென்சிலை தொட்டு எட்டு வருஷம் இருக்கும், அதனால ரொம்ப யோசிக்காம ஜிபே பண்ணிட்டேன்.

நடத்தறவர் சென்னையில 30 வருஷம் சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்ல இருந்துட்டு, பொண்ணு கட்டிக் குடுத்த ஊருன்னு இங்க வந்து தங்கிட்டவர். பேரை எங்கயும் போடாதீங்கன்னு அவரே கேட்டுக்கிட்டார், அதனால மாஸ்டர்னே சொல்லிக்கறேன். வாசல்ல போர்டு கூட கிடையாது. பெட்போர்டுல இறங்கி டீக்கடையில "கப்பல் வரையற வீடு"ன்னு கேட்டீங்கன்னா கையை மேல காட்டுவாங்க, நிஜமாவே மேல தான், நல்ல ஏத்தம், பைக்கா இருந்தாலும் கீழயே விட்டுட்டு ஏறுங்க, மேல திருப்பக் கூட இடமில்ல. மாடியில ஒரே ஹால், மூணு பக்கம் ஜன்னல், நடுவுல ரெண்டு நீள பெஞ்சு. நாங்க ஏழு பேர். அதுல ரெண்டு ஸ்கூல் பசங்க, அவங்களை கொண்டு வந்து விட்ட ஒரு அம்மா (அவங்களும் கடைசில உக்காந்து வரைஞ்சாங்க), கூடலூர்ல இருந்து ஆர்க்கிடெக்சர் படிக்கற ஒரு பொண்ணு, ஊட்டி இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரியில வேலை செஞ்சு ரிட்டையர் ஆன ஒரு ஐயா, நான், அப்புறம் குன்னூர்லயே மளிகைக் கடை வச்சிருக்கற தூத்துக்குடி அண்ணாச்சி ஒருத்தர். அண்ணாச்சி ஏன் வந்தார்னு யாருக்குமே முதல்ல புரியல.

பத்து மணின்னு சொல்லிட்டு பத்தே முக்காலுக்கு தான் ஆரம்பிச்சார், அது ஒரு மைனஸ், மூணு நாளும் அதே கதை தான். ஆனா ஆரம்பிச்ச விதம் இருக்கே. எல்லாருக்கும் ஒரு நியூஸ்பிரின்ட் தாளை குடுத்து, "டைட்டானிக்கை ஞாபகத்துல இருந்து வரைங்க, படத்துல பாத்திருப்பீங்கல்ல, பத்து நிமிஷம்"னார். எல்லாரும் நாலு புகைக்கூண்டை நிறுத்தி, மூக்கை கூரா இழுத்து, வரிசையா வட்ட ஜன்னல் போட்டு குடுத்தோம். ஏழு தாளையும் சுவத்துல கிளிப் போட்டு மாட்டினார். ஏழுலயும் கப்பலோட மூக்கு இடது பக்கம் பாத்து நிக்குது. மாஸ்டர் டீயை உறிஞ்சிட்டு சாவகாசமா சொல்றார், "நீங்க ஏழு பேரும் வரைஞ்ச பக்கத்தை அவங்க கட்டி முடிக்கவே இல்ல."

விஷயம் என்னன்னா, 1997ல வந்த அந்தப் படத்துக்கு மெக்சிகோவுல ரொசாரிட்டோங்கற ஊர்ல கடலை ஒட்டி ஒரு ஸ்டுடியோவே கட்டி, 775 அடி நீளத்துக்கு கப்பலை நிறுத்துனாங்க. நிஜ டைட்டானிக் 882 அடி. நடுவுல ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வர்ற பகுதிகள்ல கொஞ்சத்தை எடுத்துட்டு, புகைக்கூண்டையும் லைஃப் போட்டையும் பத்து பர்சென்ட் சின்னதாக்கி, பாக்கறவனுக்கு தெரியாத மாதிரி சுருக்கிட்டாங்க. அதுலயும் கேமராவுக்கு காட்ற அளவுக்கு முடிச்சது வலது பக்கம் மட்டும் தான். அங்க எப்பவும் அடிக்கற காத்து புகையை பின்னாடி தள்ளணும், அப்ப தான் கப்பல் ஓடற மாதிரி இருக்கும், அதுக்கு எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம். ஆனா நிஜத்துல சௌதாம்ப்டன் துறைமுகத்துல கப்பல் நின்னது இடது பக்கம் கரையை ஒட்டி. அப்ப கிளம்பற சீனை எப்படி எடுக்கறது? எல்லா எழுத்தையும் தலைகீழா, கண்ணாடில தெரியற மாதிரி எழுதி, தொப்பில இருக்கற கம்பெனி பேர் வரைக்கும் மாத்தி எழுதி, எடுத்து முடிச்சு ஃபிலிமை திருப்பிப் போட்டுட்டாங்க. நாம பாத்தது திருப்பிப் போட்ட படம்.

இதை சொல்லிட்டு சும்மா விடல மனுஷன். எங்க தாளை எடுத்து பின்பக்கமா திருப்பி ஜன்னல் கண்ணாடியில ஒட்டச் சொன்னார். குன்னூர் தெரியும்ல, பதினோரு மணிக்கு மஞ்சு வந்து அடைச்சா வெளிய ஒண்ணும் தெரியாது, ஜன்னல் பூரா வெள்ளைத் துணி கட்டின மாதிரி ஆயிடும். லைட் பாக்ஸை (தாளை வச்சு வரைய, அடில விளக்கு போட்ட பலகை) காசு குடுத்து வாங்கறவங்க இங்க வந்து பாக்கணும். அந்த வெளிச்சத்துல தாளோட பின்பக்கத்துல கோடு தெரியுது, திருப்பிப் பாக்கறப்ப தான் நம்ம தப்பு பல்லை இளிக்குது. எனக்கு புகைக்கூண்டு நாலும் ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்கு, மூக்கு பக்கம் தூக்கியும் வால் பக்கம் அமுங்கியும் ஏதோ வாழைப்பழம் மாதிரி. வலது கைக்காரன் எல்லாருக்கும் கோடு ஒரு பக்கமா சாயும், நேரா பாக்கறப்ப கண்ணு அதை மன்னிச்சுரும், திருப்பிப் பாத்தா மன்னிக்காதுன்னார். எட்டு வருஷமா கம்ப்யூட்டர்ல படத்தை ஒரே கிளிக்ல ஃபிளிப் பண்றவன் நான், ஒரு நாள் கூட என் கோட்டை நான் ஃபிளிப் பண்ணி பாத்ததில்ல.

அப்புறம் மூணு நாளும் அவர் சொன்னது ஒரே விஷயத்தை தான், வேற வேற கப்பலை வச்சு. கப்பலை வரையாத, கட்டினதை வரை. அதாவது கேமரா எங்க நின்னுச்சு, எதுவரைக்கும் கட்டினான், எங்க விட்டுட்டான், அந்த விட்ட இடத்துல என்ன இருக்கு, அதையும் சேர்த்து வரை. நெட்ல கப்பல் வரைய கத்துக் குடுக்கறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க, அலை, மேகம், சூரிய அஸ்தமனம், எல்லாம் அழகா தான் இருக்கும். இதை மட்டும் நான் வேற எங்கயும் பாத்ததில்ல, அதனால தான் உக்காந்து இவ்வளவு நீளமா எழுதறேன்.

இப்ப அண்ணாச்சி. அவங்க தாத்தா தூத்துக்குடில தோணி வச்சிருந்தவராம், கொழும்புக்கு சரக்கு ஏத்திட்டுப் போன பாய்த்தோணி. மாஸ்டர் ஒரு கடற்கொள்ளைக்காரன் கப்பல் செட்டோட போட்டோவை குடுத்தார், அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு ஒரு நிமிஷம் பாத்தார், "என்ன மாஸ்டர் இது, அணியத்த இப்புடி நட்டமா நிப்பாட்டி வச்சிருக்கான், மொத அலைக்கே குத்திரும்லா"ன்னார். அணியம்னா கப்பலோட முன்பக்கம். அப்புறம் விரலை வச்சு ஒவ்வொண்ணா கேக்கறார், "இந்தப் பருமல எந்தக் கயிறு தூக்குது? ஆஞ்சான் எங்க? ஆஞ்சான் இல்லாம பாய எப்புடி ஏத்துவான்?" பருமல்னா பாயை கட்டற குறுக்குக் கட்டை, ஆஞ்சான் அதை மேல ஏத்தற கயிறு. எனக்கு ரெண்டுமே அன்னைக்கு தான் தெரியும். மாஸ்டர் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "ஏத்தவே மாட்டாங்க அண்ணாச்சி, மேலயே வச்சு கட்டி விட்ருவாங்க, அது ஏறவும் வேணாம் இறங்கவும் வேணாம், காத்தாடி வச்சு உப்ப வச்சா போதும்"னார்.

அதுல இருந்து பிடிச்சு ஒரு மணி நேரம் கயிறு பாடம். அன்னைக்கு அண்ணாச்சி தான் பாதி வாத்தியார். ஓடற கப்பல்ல ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு வேலை இருக்கு, எங்கயோ ஆரம்பிச்சு, கப்பி வழியா இறங்கி, கையெட்டற இடத்துல ஒரு கட்டையில வந்து முடியும். பாய்மரத்தை பிடிச்சு நிக்கற கயிறு விறைப்பா நேர்கோடா இருக்கும், ஏத்தி இறக்கற கயிறு கொஞ்சம் தொய்வா வளைஞ்சிருக்கும். செட்டுக் கப்பல்ல பாதி கயிறு சும்மா அலங்காரத்துக்கு, ஃபிரேமுக்கு வெளிய போனதும் ஒரு ஆணில சுத்தி விட்ருப்பான். அதனால நீங்க வரையறப்ப ஒரு கயிறைப் பிடிச்சுட்டே போங்க, அது எங்க முடியுதுன்னு பாருங்க, முடியற இடத்துல வேலை இல்லைன்னா அது செட்டுன்னார். நான் வரைஞ்சதுல ஒரு கயிறு நேரா போய் சுக்கான் மேல முடிஞ்சுது. அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு, "தம்பி, நீங்க அந்தக் கயித்த இழுத்தா கப்பலே தூக்கு மாட்டிக்கிடும்"னார். ஹாலே அதிர்ந்துச்சு.

பலகை விஷயமும் இதே மாதிரி தான். நிஜ மரக் கப்பல்ல பலகை நீளவாக்குல ஓடும், முன்பக்கம் போகப் போக ஒவ்வொரு பலகையும் ஒடுங்கும், ஏன்னா வயிறு அகலம் மூக்கு குறுகல், அத்தனை பலகையும் அங்க போய் சேரணும். செட்டுல அடில சவுக்குக் கட்டையோ இரும்புக் குழாயோ வச்சு சாரம் கட்டி, மேல பிளைவுட் அடிச்சு, அதுக்கு மேல பலகை மாதிரி மெல்லிசு கட்டை ஒட்டி பெயின்ட்ல பழசாக்குவாங்க. பிளைவுட் ஷீட்டு எட்டுக்கு நாலு அடி. எவ்வளவு தான் பட்டி பாத்தாலும் எட்டடிக்கு ஒரு தடவை ஒரு நேர் மூட்டு லேசா தெரியும். அதை எண்ணினா செட்டு எத்தனை அடின்னு போட்டோவுல இருந்தே சொல்லிரலாம். கூடலூர் பொண்ணு இதைக் கேட்டதும் வேகவேகமா எண்ண ஆரம்பிச்சுருச்சு, மாஸ்டர் பழைய வேலை ஒண்ணோட போட்டோ, 11 மூட்டு வந்துச்சு. பதினோரு மூட்டுன்னா பன்னெண்டு ஷீட்டு, 96 அடி. "நாங்க கட்டினது 95, கடைசி ஷீட்டுல ஒரு அடி அறுத்தோம்"னார். நம்பறதா வேணாமான்னு தெரியல, ஆனா அந்தப் பொண்ணு முகத்துல ஒரு சந்தோஷம்.

ரெண்டாம் நாள் பவுன்டி. இந்தக் கப்பல் கதை தான் மூணு நாள்ல எனக்கு ரொம்ப மனசுல நிக்குது. 1962ல வந்த 'மியூட்டினி ஆன் தி பவுன்டி' படத்துக்காக கனடாவுல லூனன்பர்க்ங்கற ஊர்ல 1960ல நிஜமாவே கடல்ல ஓடற மாதிரி மரத்துலயே கட்டினது. ஆனா நிஜ பவுன்டியை (1700கள்ல இருந்த இங்கிலாந்து கடற்படைக் கப்பல்) விட கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு பெருசு, ஏன்னா பழைய அளவுல கட்டினா கேமராவும் லைட்டும் ஆளும் உள்ள போகாது. இங்க தான் டிராயிங் பாடம். மாஸ்டர் கப்பலை வரைய விடல, முதல்ல ஆளை வரைய சொன்னார், தளத்துல ஒரு ஆள், கைப்பிடிச் சுவர் அவன் இடுப்புக்கு வருதா நெஞ்சுக்கு வருதா, கதவுல குனிஞ்சு போறானா நிமிந்து போறானா. பழைய காலத்து நிஜக் கப்பல்ல குனிஞ்சு தான் போகணும். சினிமாக் கப்பல்ல ஹீரோ குனியக் கூடாது. அதனால ஆளை முதல்ல போட்டு, அவனை வச்சு கப்பலை வளர்த்துட்டுப் போனா அளவு தானா வந்துரும். தளத்துல நின்னு பாக்கறப்ப தொடுவானம் எப்பவும் உங்க கண்ணு உசரத்துல தான் இருக்கும், பக்கத்துல நிக்கறவன் உங்க உசரம்னா அவன் கண்ணு வழியாவும் அந்தக் கோடு போகணும். இந்த ஒரு கோட்டை சரியா போட்டதுல என் கப்பல் முதல் தடவையா தண்ணில உக்காந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாம் அந்தரத்துல தொங்கிட்டு இருந்துச்சு.

படம் முடிஞ்சும் அந்தக் கப்பலை உடைக்கல. அம்பது வருஷம் ஓடுச்சு, வேற படங்கள்லயும் வந்துச்சு, ஊர் ஊரா போய் காட்சிக்கு நின்னுச்சு. 2012 அக்டோபர் 29, சாண்டி புயல்ல அமெரிக்காவுல நார்த் கரோலினாவுக்கு அந்தாண்ட கடல்ல முழுகிருச்சு, கேப்டனும் ஒரு பொண்ணும் போயிட்டாங்க. மாஸ்டர் இதை சொல்றப்ப வெளிய மழை வேற. அண்ணாச்சி பென்சிலை கீழ வச்சுட்டார். "அப்ப அது செட்டு இல்ல மாஸ்டர், கப்பலு தான்"னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறம் டீ வர்ற வரைக்கும் யாரும் ஒண்ணும் பேசல.

டீயைப் பத்தியும் சொல்லிடறேன், ஊட்டி வர்க்கியோட நல்ல டீ, அடுப்புல இருந்து இறக்கின சூட்டோட. சாப்பாடு பட்டர் பீன்ஸ் குழம்பு, கேரட் பொரியல், ரசம், அவங்க பொண்ணு சமையல், குறையே சொல்ல முடியாது. ஆனா மூணு நாளும் அதே பட்டர் பீன்ஸ்.

நெப்டியூன்னு ஒரு கப்பலை வேகமா பாத்தோம். 1986ல வந்த ஒரு கடற்கொள்ளைக்காரன் படத்துக்காக துனிசியாவுல கட்டினது, இப்ப இத்தாலில ஜெனோவா துறைமுகத்துல நிக்குது, டிக்கெட் வாங்கிட்டு ஏறிப் பாக்கலாம். தண்ணிக்கு மேல தெரியறது எல்லாம் மரம், சிலை, தங்கக் கலர்னு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், தண்ணிக்கு கீழ இரும்பு. அந்த நீர்மட்டக் கோட்டுல ரெண்டு கப்பல் ஒட்டியிருக்குன்னு நினைச்சு வரைங்கன்னார். நான் மேல 6பி பென்சிலும் (மெத்துன்னு கறுப்பா விழும்) கீழ 2ஹெச்சும் (கெட்டி, லேசா விழும்) வச்சு போட்டேன், மேல சொரசொரப்பு, கீழ வழவழப்பு, அது நல்லா வந்துச்சு, அதை ஃபிரேம் போட்டுட்டேன்.

குட்டிக் கப்பல், அதாவது மினியேச்சர், இதுல இந்து நகர் ஐயா பொளந்து கட்டிட்டார். தொட்டில சின்னக் கப்பலை விட்டு எடுத்தா ஏன் பொம்மைன்னு தெரிஞ்சுருதுன்னு மாஸ்டர் கேட்டார். கப்பலை சின்னதாக்கலாம், தண்ணியை சின்னதாக்க முடியாது. ஒரு சொட்டு எங்க போனாலும் ஒரு சொட்டு அளவு தான். பதினாறுல ஒரு பங்கு சின்னதா செஞ்ச கப்பல் பக்கத்துல அந்தச் சொட்டு தெறிச்சா பூசணிக்கா மாதிரி இருக்கும். அலையும் குட்டியா படபடன்னு அடிக்கும், பெரிய கடல் மாதிரி மெதுவா எழும்பாது. அதுக்கு கேமராவை வேகமா ஓட்டி எடுத்து மெதுவா காட்டணும். எவ்வளவு வேகம்னா, ஐயா உடனே சொன்னார், பதினாறோட வர்க்கமூலம் நாலு, சினிமாவுக்கு வழக்கமான செகண்டுக்கு 24 ஃபிரேமை நாலால பெருக்கு, 96. ஸ்கூல் பசங்க ரெண்டு பேரும் ஐயாவை ஏதோ சயின்டிஸ்ட்டை பாக்கற மாதிரி பாத்தாங்க. டிராயிங்ல இதுக்கு என்ன வேலைன்னா, நுரையை எவ்வளவு பொடியா போடறீங்களோ அவ்வளவு கப்பல் பெருசாகும். அதே கப்பல், நுரைப் புள்ளியை பெருசா போட்டேன், குளியல் தொட்டி பொம்மை. பொடியா போட்டேன், 300 அடிக் கப்பல். கோடு ஒண்ணு கூட மாத்தல.

ஐயா பத்தி இன்னும் ஒரு வார்த்தை. எங்க மலைக்காரங்களுக்கு தெரியும், மத்தவங்களுக்கு சொல்றேன், இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960ல ஆரம்பிச்ச கவர்மென்ட் கம்பெனி, 1967ல இருந்து ஊட்டில ஃபிலிம் சுருள் தயாரிச்சாங்க, இந்துன்னு பிராண்டு பேர், கறுப்பு வெள்ளை, எக்ஸ்ரே எல்லாம். இப்ப மூடிக் கிடக்கு. ஐயா அங்க இருட்டு ரூம்ல ஃபிலிம் மேல மருந்து பூசற பக்கம் வேலை பாத்தவர். "இருட்டுலயே இருந்தவனுக்கு தான் கறுப்புல எத்தனை கறுப்பு இருக்குன்னு தெரியும்"னு சொல்லிட்டு அவர் கப்பலோட அடிவயித்துல ஆறு விதமா ஷேடு குடுத்தார் பாருங்க, மாஸ்டரே எழுந்து போய் பின்னாடி நின்னு பாத்தார். மத்தவங்க ஷேடிங் எல்லாம் அது பக்கத்துல ஜெராக்ஸ் மாதிரி.

ஜெராக்ஸ்னதும் ஞாபகம் வருது, குறை சொல்லிடறேன், நிறைய இருக்கு. பாத்து வரைய குடுத்த போட்டோ எல்லாம் மூணாம் தலைமுறை கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். டைட்டானிக்கா தீஞ்சு போன தோசையான்னு தெரியல, போன்ல தேடி ஜூம் பண்ணி தான் வரைஞ்சோம், அங்க சிக்னல் வேற ஒரு ஜன்னல் ஓரத்துல மட்டும் தான், ஏழு பேரும் அங்கயே மொய்ச்சோம். 4,500 வாங்கறவங்க நாலு கலர் பிரின்ட் எடுத்து வைக்கலாம்ல, நானே ஓசில அடிச்சுக் குடுத்திருப்பேன். அடுத்தது பேப்பர். அங்க விக்கற 300 ஜிஎஸ்எம் தாளுக்கு (நல்ல தடிமன் தாள்) கடை விலையை விட கிட்டத்தட்ட டபுள். சரி போகட்டும்னு வாங்கினா, ஹால்ல திறந்து வச்ச தாள், மஞ்சு குடிச்சு குடிச்சு அப்பளம் மாதிரி நெளிஞ்சிருக்கு. மாஸ்கிங் டேப் ஒட்டவே மாட்டேங்குது. 2ஹெச் பென்சில் வச்சா கோடு விழுறதுக்கு பதிலா பள்ளம் விழுது. வாட்டர்கலர் வாஷ் ஒண்ணு போட்டா காய முக்கா மணி நேரம், ஹேர் டிரையர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் கரன்ட் இருந்தா. நீங்க போறதா இருந்தா வீட்ல இருந்தே தாளை பிளாஸ்டிக் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போங்க, பெரிய கிளிப் நாலு, ஒரு தடி அட்டை, பென்சில் பி, 2பி போதும், கலர் வேணாம்.

அப்புறம் இது தான் எனக்கு ரொம்ப வருத்தம். ரெண்டாம் நாள் சாயந்தரம் நான் ரெண்டு மணி நேரமா பாத்துப் பாத்து வரைஞ்ச பவுன்டி மேல மாஸ்டர் வந்து நின்னு, "இங்க வளைவு செத்துப் போச்சு தம்பி"ன்னு சொல்லிட்டே, கேக்காம கொள்ளாம, பேனாவுல, மார்க்கர் பேனாவுலங்க, ஒரு கோடு இழுத்துட்டார். கோடு சரி தான். பிரமாதமான கோடு, ஒரே இழுப்புல மூக்குல இருந்து வால் வரைக்கும். ஆனா என் தாள்ல. டிரேசிங் ஷீட் மேல வச்சு போட்டுக் காட்டியிருக்கலாம்ல. வாயைத் திறந்து சொன்னேன், "ஷூட்டிங் நேரத்துல அப்படித் தான் பழக்கம், சாரி"ன்னார், மூணாம் நாள் கூடலூர் பொண்ணு தாள்லயும் அதே மாதிரி இழுத்தார். பென்சில்ல தொட விடாதீங்கன்னு போன உடனே சொல்லிடுங்க, பேனான்னா கையையே பிடிச்சுருங்க.

விளம்பர நோட்டீஸ்ல ஏழு கப்பல்னு போட்டிருந்தாங்க, ஒழுங்கா பாத்தது நாலு. அதுல தமிழ் சினிமாவுக்கு அரை மணி நேரம், அவ்வளவு தான். எனக்கு இதுல தான் ஆசையே இருந்துச்சு. கப்பலோட்டிய தமிழன் 1961, ஆயிரத்தில் ஒருவன் 1965, ரெண்டும் பந்துலு எடுத்தது, அந்தக் காலத்துல கப்பல் தளத்துல பாட்டு, சண்டைன்னு எப்படி சமாளிச்சாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னு போனேன். மரக்கார்ங்கற மலையாளப் படத்துக்கு ஐதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டில கப்பல் நிறுத்தினது, பாகுபலி ரெண்டாம் பாகத்துல வர்ற அன்னக் கப்பல், ரெண்டுமே ஆர்ட் டைரக்டர் சாபு சிரில் வேலை, இதெல்லாம் வாயால தான் வந்துச்சு, வரையறதுக்கு ஒண்ணும் குடுக்கல. கேட்டதுக்கு, "நான் வேலை பாத்த செட்டுக்கே என்கிட்ட டிராயிங் இல்ல தம்பி, படம் முடிஞ்ச மறுநாள் பிளைவுட்டை பிரிச்சு எடைக்குப் போட்ருவாங்க, டிராயிங் தாள் ஆணி மடிக்க போயிரும்"னார். நியாயம் தான், ஆனா அப்ப நோட்டீஸ்ல ஏழுன்னு போட்டிருக்க வேணாம்.

மூணாம் நாள் தான் மொத்தமா காசு வசூல் ஆன நாள். 1983ல வந்த, இத்தாலி டைரக்டர் ஃபெலினியோட படம் ஒண்ணு, ரோம்ல சினெசிட்டா ஸ்டுடியோவுக்குள்ளயே முழுக் கப்பல் தளத்தையும் கட்டி, கடலையே பிளாஸ்டிக் ஷீட்டுல செஞ்சாங்க. அதை மறைக்கவும் இல்ல, கடைசில கேமரா பின்னாடி நகர்ந்து, கப்பலை ஆட்டற ஹைட்ராலிக் ஜாக்கி, லைட்டு, ஆளுங்க, எல்லாத்தையும் காட்டிரும். அதே மாதிரி எங்களையும், அவரவர் கப்பலை எடுத்து அதோட பின்பக்கத்தை வரைய சொன்னார். சாரம், ஏணி, மணல் மூட்டை, தண்ணி பக்கெட், சாரத்துக்கு அடில தூங்கற லைட் பாய், ஜாக்கி. பாத்து வரைய போட்டோ கிடையாது, யோசிச்சு தான் வரையணும், இந்த வளைவு நிக்கணும்னா பின்னாடி எங்க முட்டுக் கொடுத்திருப்பான், இந்த ஆள் ஓடி வர்ற தளத்துக்கு கீழ எத்தனை கால் இருக்கும். கப்பல் ஆடணும்னா ரெண்டு வழி, செட்டை ஆட்டணும் இல்லைன்னா கேமராவை ஆட்டணும், எதை ஆட்டினான்னு கண்டுபிடிக்க தொங்கற விளக்கைப் பாருன்னார், கேமராவை மட்டும் ஆட்டினா விளக்கு கப்பலோட சேர்ந்தே சாயும், தனியா ஆடாது. அதை வரைஞ்சு பாத்தோம், ஒரே அறையை ரெண்டு தடவை, விளக்கை மட்டும் மாத்தி. ஸ்கூல் பையன் ஒருத்தன் ஒரு டம்ளர்ல தண்ணியும் போட்டுட்டான், அதுவும் சரி, தண்ணி மட்டம் தான் உண்மையை சொல்லும்.

அன்னைக்கு நான் அஞ்சு மணி நேரம் எழுந்திருக்கவே இல்ல. டைட்டானிக்கோட கட்டாத பக்கத்தை எடுத்துக்கிட்டேன். 6.4 கோடி லிட்டர் தொட்டியில நிக்குது, அந்தத் தொட்டியோட விளிம்பும் பின்னாடி இருக்கற பசிபிக் கடலும் கேமராவுக்கு ஒண்ணா தெரியற மாதிரி வச்சிருக்காங்க. இந்தப் பக்கம் இருந்து பாத்தா வெறும் இரும்பும் போல்ட்டும். எங்க ஊர்ல கல்யாணத்துக்கு பந்தல் போடறவர் சாரம் கட்டறதை சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன், அந்த முடிச்சு, அந்த குறுக்குக் கட்டை, எல்லாம் கை தானா போட்டுச்சு. மாஸ்டர் வந்து பின்னாடி நின்னார், நான் பேனா இருக்கான்னு கையை பாத்தேன், இல்ல. "ம்"னார். அவ்வளவு தான்.

குளிர் பத்தி கேப்பீங்க, ஹால்ல ஹீட்டர் கிடையாது, மூணு மணிக்கு மேல விரல் விறைச்சுரும், அரைக் கை கிளவுஸ் இருந்தா எடுத்துட்டுப் போங்க. பாத்ரூம் கீழ, படி செங்குத்து, வயசானவங்களுக்கு கஷ்டம், ஐயா ரெண்டு தடவை திட்டிட்டே இறங்கினார். பணம் கட்டற நம்பர் அவங்க பேரனோடது, மெசேஜ் போட்டா மூணு நாள் கழிச்சு தான் பதில் வரும், பணம் போனதும் பயந்துராதீங்க. சின்னப் பசங்களுக்கு பத்து வயசுக்கு மேல இருந்தா அனுப்பலாம், சும்மா அழகான படம் வரைஞ்சு சுவத்துல மாட்டணும்னு நினைக்கறவங்களுக்கு இது செட் ஆகாது, ஊட்டில வேற வகுப்பு இருக்கு. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், அந்தப் பேனாக் கோட்டுக்காக ஒண்ணு குறைச்சாச்சு.

போன ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி கடைக்கு புளி வாங்கப் போனேன். கல்லாப்பெட்டிக்கு மேல, முருகர் படத்துக்கு பக்கத்துல, அவர் வரைஞ்ச கப்பலை மாட்டியிருக்கார், பின்பக்கத்தை. ஒரு அம்மா பருப்பு வாங்கிட்டே நிமிந்து பாத்து, "என்ன அண்ணாச்சி, யாருக்கு கல்யாணம், பந்தல் போட்டிருக்கீங்க"ன்னாங்க. அண்ணாச்சி தராசை விட்டுட்டு, "பந்தலு இல்லம்மா, கப்பலு, நீங்க அந்தப் பக்கம் போயி பாக்கணும்"னு சுவத்தைக் காட்டறார்.